சி.என்.ஏ. தேர்வு: தொடுவதற்கு முன் சொல்லுங்கள்

அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்தால் ஒன்று புரியும். அங்கே இருப்பவர்களை எழுப்பி, பல் துலக்க உதவி, உடை மாற்றி, வீல்சேரில் உட்காரவைத்து, சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப் போகிறவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அவர் சர்ட்டிஃபைடு நர்சிங் அசிஸ்டென்ட், சுருக்கமாக சி.என்.ஏ. அந்த வேலைக்கு ஆசைப்பட்டு, தேர்வு எழுத நினைப்பவர்களுக்காக இந்த அத்தியாயம்.

நம் பெண்கள் பலர் என்னிடம் சொல்வது: "மாமியாரை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன் அக்கா, இதில் எனக்குத் தெரியாதது என்ன?" அந்த அனுபவம் பெரிய மூலதனம்தான். ஆனால் அதே அனுபவம் தேர்வு அறையில் காலை வாரியும் விடும். நம் வீடுகளில் அன்பு என்றால் கேட்காமலே செய்வது. தட்டை எடுத்து ஊட்டிவிடுவோம், கையைப் பிடித்துத் தூக்கிவிடுவோம், பீரோவைத் திறந்து நமக்குப் பிடித்த புடவையைக் கட்டிவிடுவோம். தேர்வு எதிர்பார்ப்பதோ வேறு. முதலில் சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும், அதன் பிறகுதான் தொட வேண்டும். அவரால் முடிந்ததை அவரே செய்ய விட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை ரெசிடென்ட் என்றும் கிளையன்ட் என்றும் கையேடுகள் எழுதும். இங்கே பெரியவர் என்றே சொல்கிறேன்.

உங்கள் மாநிலம் என்ன கேட்கிறது?

நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு கிடையாது. 1987-இல் வந்த மத்தியச் சட்டம் அடிப்படையை மட்டும் வகுத்தது: குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை, பிறகு தேர்வு, தேறியவர் பெயர் மாநிலத்தின் பதிவேட்டில். இதற்கு மேல் மாநிலங்கள் கூட்டிக்கொள்ளலாம். டெக்சாஸில் 100 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 160. ஃபுளோரிடாவில் 18 வயது ஆனவர் பயிற்சி வகுப்புக்கே போகாமல் நேராகத் தேர்வு எழுதலாம். ஆனால் முதல் முறை எழுதுகிறவர்களுக்கு அந்தக் குறுக்குவழியை நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் உயிருள்ள மனிதரைத் திருப்பிப் படுக்கவைத்துப் பழகாத கை, தேர்வில் நடுங்கும்.

பட்டத்தின் பெயரும் மாறும். நியூ ஹாம்ப்ஷயரில் எல்.என்.ஏ., மேரிலாண்ட் முதியோர் இல்லங்களில் ஜி.என்.ஏ. என்பார்கள். இணையத்தில் தேடும்போது இதை மனத்தில் வையுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

1. உங்கள் மாநிலத்தின் பதிவேடான நர்ஸ் எய்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்துக்குப் போங்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலும், தேர்வை நடத்தும் நிறுவனத்தின் பெயரும் அங்கே இருக்கும். கிரெடென்ஷியா, புரோமெட்ரிக், ஹெட்மாஸ்டர் ஆகியவை பல மாநிலங்களில் தேர்வு நடத்துகின்றன. பட்டியலில் இல்லாத இடத்தில் பணம் கட்டினால், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் கணக்கில் வராது.

2. அந்த நிறுவனத்தின் கேண்டிடேட் ஹேண்ட்புக்கை இறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். செய்முறைத் தேர்வில் எந்த வேலைக்கு எத்தனை படிகள், எந்தப் படி தவறினால் தோல்வி என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுப்பதற்குச் சமம் இது. இதைப் படிக்காமல் யூடியூப் வீடியோ மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். வீடியோ வேறு மாநிலத்தினுடையதாக இருக்கும்.

3. வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்-4 விசாவில் இருந்தால் படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை செய்ய இ.ஏ.டி. என்னும் வேலை அனுமதி அட்டை வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

4. பணம் கட்டுவதற்கு முன் அருகிலுள்ள முதியோர் இல்லங்களுக்கு ஃபோன் போட்டு, "பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். மெடிகேர், மெடிகெய்ட் பணம் வாங்கும் முதியோர் இல்லம் உங்களை வேலைக்கு எடுத்துவிட்டால், அல்லது எடுப்பதாக உறுதி சொல்லிவிட்டால், பயிற்சிக்கோ தேர்வுக்கோ உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். நீங்களே செலவழித்துப் படித்திருந்தாலும், முடித்த 12 மாதத்துக்குள் அப்படிப்பட்ட இல்லத்தில் சேர்ந்தால் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு. ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த பல பேர் இந்த விதியைக் கேள்விப்படாமலே கைக்காசைச் செலவழித்திருக்கிறார்கள். மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

5. காசநோய்ப் பரிசோதனை, பின்னணிச் சோதனை, சில மாநிலங்களில் விரல் ரேகை. இவற்றுக்கு நாளாகும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பெயர்ச் சிக்கல்: இது நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இன்னொரு மாதிரி, பயிற்சி நிலையத்தில் இனிஷியலோடு மூன்றாவது மாதிரி. தேர்வு நாளில் அடையாள அட்டையும் விண்ணப்பமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டிய பணமும் போகும். விண்ணப்பம் போடும்போதே எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் தேர்வு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஊரில் நர்சிங் முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: சில மாநிலங்களில் உங்களுக்குப் பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கு கிடைக்கும். ஆனால் நீங்கள் எழுதப்போவது நர்ஸ் தேர்வு இல்லை. மருந்து கொடுப்பது, ஆக்சிஜன் அளவைக் கூட்டுவது, ட்ரிப்பைத் தொடுவது, இவையெல்லாம் சி.என்.ஏ. செய்யக் கூடாதவை. கேள்வித்தாளில் அப்படி ஒரு விடை கண்ணில் பட்டால், உங்களுக்கு அது கைவந்த கலையாக இருந்தாலும், தேர்ந்தெடுக்காதீர்கள். நர்ஸிடம் தெரிவிப்பதுதான் சரியான விடை.

எழுத்துத் தேர்வு

பல மாநிலங்களில் 60 அல்லது 70 கேள்விகள், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், நான்கில் ஒரு விடை. படிக்கச் சிரமம் என்றால் வாய்மொழியாகக் கேட்டு எழுதும் வாய்ப்பும் உண்டு. ஹெட்ஃபோனில் கேள்வியை வாசிப்பார்கள். அது வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் காதில் விழுந்தால் புரிகிறது, எழுத்தில் தடுமாறுகிறேன் என்பவர்கள் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இளைப்பாறும் பெரியவரின் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. படுக்கையிலேயே இருப்பவரைக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஒரு அவுன்ஸ் என்பது 30 மில்லி. எட்டு அவுன்ஸ் டம்ளர் பால் குடித்தால் 240 என்று எழுத வேண்டும். மில்லி லிட்டரில் வளர்ந்த நமக்கு அவுன்ஸும் பவுண்டும்தான் இடறும், அதை மட்டும் தனியாகப் போட்டுப் பழகுங்கள். மதியம் ஒரு மணியை 1300 என்று எழுதும் கணக்கு, ரயில் கால அட்டவணை பார்த்துப் பழகியவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தீப்பிடித்தால் முதலில் ஆளை வெளியேற்று, பிறகு மணியை அடி, பிறகு கதவை மூடு, கடைசியாக அணை.

மற்ற கேள்விகளில் பெரும்பாலானவை, "இந்த இடத்தில் நீ என்ன செய்வாய்?" என்ற வகை. நான்கு மாதிரிகள் தருகிறேன்.

பெரியவர் இன்று குளிக்க மாட்டேன் என்கிறார். நம் மனசு, "குளித்தால் நல்லாயிருக்கும் தாத்தா, வாங்க" என்று இழுத்துப் போகச் சொல்லும். சரியான விடை: மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஏன் என்று மெல்லக் கேட்டு, நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

பார்க்க வந்த மகள், "அப்பாவுக்கு என்ன வியாதி, ரிப்போர்ட்டில் என்ன வந்தது?" என்கிறார். உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. நர்ஸிடம் அனுப்புங்கள்.

ஒருவர் தரையில் விழுந்து கிடக்கிறார். ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. பக்கத்திலேயே இருந்துகொண்டு நர்ஸை அழைக்க வேண்டும். எலும்பு முறிந்திருந்தால் தூக்குவதே கேடு.

சாப்பிடும்போது புரையேறி ஒருவர் பலமாக இருமுகிறார். முதுகில் தட்டவோ உச்சந்தலையில் தட்டவோ கை போகும். வேண்டாம். இருமல் வரும் வரைக்கும் காற்று போகிறது என்று அர்த்தம். இரும விடுங்கள், கூடவே நில்லுங்கள். குரலே வரவில்லை என்றால்தான் வயிற்றை அழுத்தும் முறை.

இரண்டு விடைகள் சரியாகத் தோன்றினால் எனக்குக் கைகொடுத்த வழி இது: எந்த விடையில் பெரியவரின் பாதுகாப்பு முதலில் வருகிறது? அது இல்லையென்றால், எதில் அவர் விருப்பம் மதிக்கப்படுகிறது?

செய்முறைத் தேர்வு

தோல்விகள் அதிகம் நடக்கும் இடம் இது. அதனால் இங்கே நிதானிப்போம். இருபதுக்கு மேற்பட்ட வேலைகளின் பட்டியலிலிருந்து உங்களுக்கு எவை வரும் என்று அன்றுதான் தெரியும். கை கழுவுதல் எல்லோருக்கும் உண்டு. அதோடு இன்னும் மூன்று நான்கு வேலைகள், மொத்தம் சுமார் அரை மணி நேரம். பல மாநிலங்களில் இன்னொரு தேர்வரே உங்களுக்கு நோயாளியாகப் படுப்பார், நீங்கள் அவருக்குப் படுப்பீர்கள். அந்தரங்க உறுப்புகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு மட்டும் பொம்மை. ஆகையால் கையைத் தோள் வரை சுருட்டிவிடக்கூடிய தளர்வான சட்டை, தட்டையான வழுக்காத ஷூ போட்டுப் போங்கள்.

கை கழுவுதல்

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்தவர்கள் இதிலேயே தவறியிருக்கிறார்கள்.

1. தொட்டி உடம்பில் படாமல் நில்லுங்கள். தண்ணீரைத் திறந்து கையையும் மணிக்கட்டையும் முழுவதும் நனையுங்கள்.
2. சோப்புப் போட்டுக் குறைந்தது 20 விநாடி தேயுங்கள்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு. நகங்களை எதிர்க் கையின் உள்ளங்கையில் உரசுங்கள்.
3. இவ்வளவு நேரமும் விரல் நுனி கீழே பார்த்திருக்க வேண்டும், கை முழங்கையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அழுக்குத் தண்ணீர் முழங்கைக்கு ஏறக் கூடாது.
4. அலசும்போதும் அதே நிலை.
5. பேப்பர் டவலால் விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டை நோக்கித் துடைத்து, குப்பையில் போடுங்கள்.
6. புது டவல் ஒன்றை எடுத்து, அதை வைத்துக் குழாயை மூடுங்கள். வெறுங்கையால் மூடினால் கழுவியது வீண்.

எங்கே தவறும்? ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் நடுவில். பழக்க தோஷத்தில் கை தானாகக் குழாய்க்குப் போய்விடும். இன்னொன்று, அலசும்போது விரல் தொட்டியின் உட்புறத்தில் இடித்துவிடும். இடித்தால் ஒளிக்காதீர்கள், மறுபடி முதலிலிருந்து கழுவுங்கள்.

வீட்டுப் பயிற்சி: ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இரு கையிலும் பூசிக்கொண்டு, கடிகாரம் பார்த்து 20 விநாடி சோப்பில் கழுவுங்கள். சிவப்பு எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரலின் அடியிலும் நகக் கண்ணிலும்தான் தங்கியிருக்கும். அந்த இரண்டு இடத்தையும் உங்கள் கை அதற்கப்புறம் மறக்காது. கையுறை கழற்றும் பயிற்சிக்கும் இதே குங்குமம்தான்: கையுறையின் மேல் பூசிக் கழற்றுங்கள், தோலில் ஒரு பொட்டுச் சிவப்பு ஒட்டினாலும் கழற்றிய முறை தவறு.

படுக்கையிலிருந்து வீல்சேருக்கு

என் தோழி ஒருத்தி, இந்த வேலையை என் முன்னாலேயே பத்துத் தடவை செய்து காட்டியவள், தேர்வில் இதில் தோற்றாள். அவள் மறந்தது ஒரே ஒரு பூட்டு. அன்றிலிருந்து நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் பூட்டில்தான் தொடங்குகிறேன்.

1. கதவைத் தட்டி, பெயர் சொல்லி வணங்கி, நீங்கள் யார் என்று சொல்லி, செய்யப்போவதை விளக்குங்கள். திரையை இழுத்து மறையுங்கள்.
2. வீல்சேரைப் படுக்கையை ஒட்டி நிறுத்துங்கள். கால் தாங்கிகளை மடக்குங்கள், அல்லது கழற்றுங்கள்.
3. வீல்சேரின் இரண்டு சக்கரத்தையும் பூட்டுங்கள். பூட்டிய பிறகு கையால் ஆட்டிப் பாருங்கள். படுக்கையின் சக்கரமும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.
4. படுக்கையைத் தாழ்த்தி, அவரை விளிம்பில் உட்காரவையுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். காலில் ஷூ போட்டிருக்க வேண்டும்.
5. டிரான்ஸ்ஃபர் பெல்ட்டை இடுப்பில், துணிக்கு மேல் கட்டுங்கள். தோலில் படக் கூடாது.
6. அவரைப் பார்த்து நின்று, முழங்காலோடு முழங்கால் அண்டக் கொடுத்து, பெல்ட்டை இரு பக்கமும் கீழிருந்து மேலாகப் பிடியுங்கள். "மூன்று எண்ணினதும் எழுந்திருங்கள்" என்று சொல்லி, எண்ணி, எழுப்புங்கள்.
7. அவர் கால்களின் பின்புறம் இருக்கையில் படும் வரை திருப்பி, மெல்ல உட்காரவையுங்கள். இடுப்பு பின்னால் முட்ட வேண்டும்.
8. பெல்ட்டைக் கழற்றி, பாதங்களைத் தாங்கியில் வைத்து, அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கை கழுவுங்கள்.

பாதுகாப்பு: குனிந்து இடுப்பால் தூக்காதீர்கள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, தொடையின் பலத்தில் எழுங்கள். முதுகு போனால் இந்தத் தொழிலே போயிற்று. அவர் வழியில் சரியத் தொடங்கினால் நிமிர்த்தப் போராடாதீர்கள். பெல்ட்டைப் பிடித்தபடி உங்கள் உடம்போடு சாய்த்து மெல்லத் தரையில் இறக்குங்கள், தலை இடிக்காமல். பிறகு நர்ஸை அழையுங்கள்.

அளவுகள்

நாடி, மூச்சு, எடை, சிறுநீர் அளவு, சில மாநிலங்களில் இரத்த அழுத்தம், இவற்றில் ஒன்று நிச்சயம் வரும் என்று எண்ணித் தயாராகுங்கள். மதிப்பெண் போடும் தேர்வாளரும் கூடவே அளப்பார். பல மாநிலங்களில் நாடிக்கு நான்கு துடிப்பு, மூச்சுக்கு இரண்டு, சிறுநீருக்கு 25 மில்லி வரை முன்பின் இருக்கலாம். நாடியை அரை நிமிடம் எண்ணி இரட்டிக்காதீர்கள். முழு நிமிடம் எண்ணுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் கட்டிப் போங்கள்.

சிறுநீரை அளக்கும்போது அளவுக் குவளையைக் கையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. சமமான இடத்தில் வைத்து, நீங்கள் குனிந்து கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கையுறையைக் கழற்றிக் கை கழுவிய பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். இந்த வரிசையில் பலர் தவறுகிறார்கள்.

நம்மவர்கள் அடிக்கடி தவறும் இடங்கள்

கேட்காமல் ஊட்டுவது. ஊட்டும் வேலை வந்தால், அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து, நீங்களும் எதிரே நாற்காலி போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டக் கூடாது. தட்டில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லி, "எதில் தொடங்கலாம்?" என்று கேளுங்கள். ஒரு வாய் முழுதாக விழுங்கியதும் அடுத்தது. இடையிடையே குடிக்கக் கொடுங்கள். "இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்ற நம் கெஞ்சல் இங்கே வேண்டாம்.

செல்லமாக அழைப்பது. "ஸ்வீட்டி", "கிராண்ட்மா" எல்லாம் அன்பாகத்தான் வரும். ஆனால் அப்படி அழைப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். மிஸ்டர், மிசஸ் போட்டுக் குடும்பப் பெயரால் அழையுங்கள்.

பலவீனமான கையை மறப்பது. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்பதும் இந்த வேலையின் ஒரு படிதான். நான் முதல் முறை எழுதியபோது அலமாரியிலிருந்து நீலச் சட்டையை நானே எடுத்துவிட்டேன். தேர்வாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு வந்த தாளில்தான் அது தவறு என்று தெரிந்தது.

மௌனமாக வேலை செய்வது. ஆங்கிலத்தில் தவறு வந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்காமல் கடகடவென்று செய்து முடிப்பார்கள். நீங்கள் விளக்கிச் சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு. நீளமான வாக்கியம் தேவையில்லை. நாலைந்து வாக்கியம் போதும்: "ஹலோ மிசஸ் ஜோன்ஸ், மை நேம் இஸ் இன்னார், ஐ ஆம் யுவர் நர்சிங் அசிஸ்டென்ட் டுடே." "ஐ வில் ஹெல்ப் யூ வாஷ் யுவர் ஃபேஸ். இஸ் தட் ஓகே?" "இஸ் த வாட்டர் டூ ஹாட்?" "ஆர் யூ கம்ஃபர்டபிள்?" "ஹியர் இஸ் யுவர் கால் லைட்." கண்ணாடி முன் நின்று, கை வேலையோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். தனியாக மனப்பாடம் செய்த வாக்கியம், கை ஓடும்போது மறந்துவிடும்.

துணியின் அதே பக்கத்தை மறுபடி பயன்படுத்துவது. பெண்ணின் அந்தரங்க உறுப்பைச் சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கம். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும்.

பாதத்தைக் கழுவித் துடைக்கும் வேலையில் விரலிடுக்கை ஈரமாக விட்டுவிடுவது, அல்லது அங்கேயும் லோஷன் தடவுவது. விரலிடுக்கு காய்ந்திருக்க வேண்டும். லோஷன் மேலும் கீழும் மட்டும்.

மூட்டுகளை அசைக்கும் பயிற்சியில், பொறுத்துக்கொள்ளச் சொல்வது. வலிக்கிறது என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள்.

தவறு செய்துவிட்டால்?

உறைந்து நிற்காதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில், அந்த வேலை முடிவதற்குள், "இந்தப் படியைத் தவறாகச் செய்துவிட்டேன், திருத்துகிறேன்" என்று தேர்வாளரிடம் சொல்லி மறுபடி செய்துகாட்டலாம். வாயால் சொன்னால் மட்டும் போதாது, செய்ய வேண்டும். வரிசை முக்கியமான படிகளை இப்படித் திருத்த முடியாது: ஆளை எழுப்பிய பிறகு சக்கரத்தைப் பூட்டுவதில் பயனில்லை. அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டால் முந்தையதற்குத் திரும்பவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: படுக்கை தாழ்ந்திருக்கிறதா, மணி கைக்கு எட்டுகிறதா, என் கை கழுவியாயிற்றா?

தேர்வு நாள்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். இரண்டு அடையாள அட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, மருதாணிக்கும் நகப்பூச்சுக்கும் அந்த வாரம் விடுப்பு கொடுங்கள். வளையல், கல் மோதிரம் வீட்டிலேயே இருக்கட்டும். அவை கையுறையைக் கிழிக்கும், பெரியவரின் மெல்லிய தோலையும் கிழிக்கும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுப் பின் குத்திக்கொள்ளுங்கள், குனியும்போது தொங்கி நோயாளி மேல் படாமல் இருக்கும். கூந்தலை இறுக்கி முடியுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயக்கம் வந்தால் பிடித்துக்கொள்ள டிரான்ஸ்ஃபர் பெல்ட் உங்களுக்குக் கட்டியிருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் பிடித்திருப்பது இன்னொருவரை.

முடிவு வந்த பிறகு

எழுத்தில் தேறி செய்முறையில் தவறினால், தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதினால் போதும். குறைந்தது மூன்று வாய்ப்பு தர வேண்டும் என்பது மத்திய விதி. மூன்றும் போனால் பல மாநிலங்களில் மறுபடி பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். தோல்வித் தாளில் எந்த வேலையில் தவறினீர்கள் என்று இருக்கும். அந்த வேலையை மட்டும் கையேட்டில் எடுத்து, மனப்பாடமாக இல்லாமல் கைப்பாடமாக, வீட்டில் யாரையாவது படுக்கவைத்து ஒரு வாரம் செய்யுங்கள். பயிற்சியில் இருக்கும்போதே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நான்கு மாதத்துக்குள் தேற வேண்டும் என்பதை நினைவில் வைத்துத் தேதி குறியுங்கள்.

தேறியதும் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள், எழுத்துப் பிழை இல்லாமல். வேலை கொடுப்பவர் அங்கேதான் தேடுவார். வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், கிளம்புவதற்கு முன்பே அந்த மாநில ரெஜிஸ்ட்ரிக்கு மாற்று விண்ணப்பம் போடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் சான்று செல்லாமல் போகும். மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. பிள்ளைப்பேறுக்காகவும் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் நீண்ட விடுப்பு எடுக்கிற நம் பெண்களுக்கு இது நேரும். சம்பளம் இல்லாமல் வீட்டாரைப் பார்த்துக்கொண்டது கணக்கில் சேராது. வாரத்துக்கு ஒரு நாள், மாதத்துக்கு இரண்டு நாள் என்றாவது வேலையைத் தொட்டுக்கொண்டிருங்கள். எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை உங்கள் மாநில ரெஜிஸ்ட்ரியில் கேட்டு, சம்பளச் சீட்டுகளை ஒரு கோப்பில் தேதி வரிசையில் போட்டு வையுங்கள். பயிற்சிக் கட்டண ரசீதும் அதே கோப்பில் இருக்கட்டும். பயிற்சி முடித்த 12 மாதத்துக்குள் வேலையில் சேர்ந்தால் செலவைத் திரும்பப் பெற அது வேண்டும்.